ஒரே கூரை, வெவ்வேறு திரை
ரிவர்ஸ்டன் அடிவாரத்தை முன்வைத்துச் சமூக ஊடகம், இல்லம், இளைஞர் வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை நகரிலிருந்து இறத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் வீதி நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் இடத்தை அண்டி ரிவர்ஸ்டன் அமைந்துள்ளது. 2000 ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்று, 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவினால் ஏற்றுக்கொள்ளப்பட்ட மலைத்தொடர் அது. அதன் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கின்றது. விடுமுறை நாட்களில் நகர்ப்புற இளைஞர் மோட்டார் சைக்கிள்களில் வந்து, மூடுபனியையும் காற்றையும் தம்மையும் படம்பிடித்து, அவ்விடத்தில் நின்றபடியே உலகுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகின்றனர். அதே மலையின் மாத்தளைப் பக்கச் சரிவிலே, இறத்தோட்டை, கம்மடுவப் பகுதிகளில், தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அத்தோட்டங்களின் லயங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் அதே முகநூலையும் அதே டிக்டொக்கையும் பார்க்கின்றனர். ஊடகம் ஒன்று. ஆயின், அதைப் பார்க்கும் இல்லங்கள் ஒன்றல்ல. இவ்வெளிய உண்மையிலிருந்து தொடங்கும் ஆய்வுகள் நம்மிடையே மிக அருகியே காணப்படுகின்றன என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்கான காரணமாகும்.

சமூக ஊடகம் இளைஞரைக் கெடுக்கின்றது, பெற்றோர் கவனிப்பாராயின் இக்கேடு நேராது என்னும் இரு கூற்றுக்களும் இன்று மேடைதோறும் இணைத்தே கூறப்படுகின்றன. முதலாவது கூற்று ஊடகத்தைத் தனிப் பொருளாகப் பிரித்தெடுக்கின்றது. இரண்டாவது கூற்று இல்லத்தைச் சமூகத்தினின்றும் பிரித்தெடுக்கின்றது. இரண்டுஞ் சேர்ந்து, பழியைத் தாயொருத்தியின் தலையில் இறக்கிவைத்துவிடுகின்றன. தோட்டப் பாடசாலையொன்றிலே நடைபெற்ற பெற்றோர் கூட்டமொன்றில் நாம் கலந்துகொண்ட போது, பேச்சாளர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளையோடு மனம்விட்டுப் பேசுமாறு தாய்மாருக்கு அறிவுரை வழங்கினார். பின்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து கூறியது வருமாறு: “காலையில பெரட்டுக்குப் போறோம், சாயந்தரம் கொழுந்து நிறுத்துட்டு வந்து, தண்ணி புடிச்சு அடுப்பு மூட்டுறப்ப இருட்டிப் போயிருதுங்க ஐயா. புள்ளையோட பேச எங்களுக்கு நேரம் இல்லீங்க. போனுக்குத்தான் இருக்கு.” அவர் குறைகூறவில்லை, நிலைமையை எடுத்துரைத்தார். இக்கூற்றிலே அடங்கியுள்ள சமூகவியலைப் பேச்சாளர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இளைஞர் கெட்டுப்போகின்றனர் என்னும் குறை புதியதன்று. நாவல் அறிமுகமான காலத்தில் நாவல்மீதும், பின்னர் சினிமா மீதும், வானொலி மீதும் அக்குறை சுமத்தப்பட்டது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் இந்நாட்டிலே தோன்றியபோது தொலைக்காட்சிப் பெட்டிமீது சுமத்தப்பட்டது. நமது முற்போக்கு விமர்சன மரபும் இதிற் பங்கேற்றதை மறைத்தல் நேர்மையன்று. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளும் மசாலாப் படங்களும் நம் இளைஞரின் உணர்வை மழுங்கடிப்பதாக நாம் எழுதினோம். அவற்றின் உள்ளடக்கம் பற்றி நாம் கூறியவற்றிற் பெரும்பகுதி சரியானதே. ஆனால் அச்சஞ்சிகையை வாசித்தவர் எந்த வீட்டில், எந்த வேலைக்குப் பின், எவருக்கு மறைத்து வாசித்தார் என்ற வினாவை நாம் எழுப்பினோமல்லோம். உள்ளடக்கத்தைப் பகுப்பாய்ந்து, நுகர்வின் களத்தை விட்டுவிட்டோம். அதே குறைபாடு இன்று சமூக ஊடகம் பற்றிய எழுத்துக்களிலும் தொடர்கின்றது.

விதிவிலக்காகக் குறிப்பிட வேண்டியவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்ச் சினிமாவை ஆராய்ந்த அவர், படத்தின் கதையோடு நில்லாது, படம் பார்க்கப்பட்ட கொட்டகையையும் நோக்கினார். சாதி வேறுபாடின்றித் தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. உள்ளடக்கம் பிற்போக்காக இருந்தபோதும், பார்க்கும் முறை ஒரு சமூக மாற்றத்தைக் கொணர்ந்தது என்பது இதன் பொருள். இந்நோக்கினை இன்றைய கைத்தொலைபேசிக்குப் பொருத்திப் பார்ப்போமாயின் நிலைமை தலைகீழாயிருப்பதைக் காணலாம். கொட்டகையிலே பலர் ஒரே திரையைப் பார்த்தனர். இன்று ஒரே கூரையின்கீழ் இருக்கும் நால்வர் நான்கு திரைகளைப் பார்க்கின்றனர். அன்றி, நால்வருக்கும் ஒரு கருவியே உள்ளதாயின், அது எவர் கையிலிருப்பது என்பதில் அவ்வீட்டின் அதிகாரவுறவு முழுவதும் வெளிப்படுகின்றது.

மேனாட்டு ஆய்வுலகிலே இப்பிரச்சினை பற்றிக் கடும் விவாதம் நிகழ்கின்றது. ஜொனதன் ஹைட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2024 இல் வெளியிட்ட ‘பதற்றத் தலைமுறை’ என்ற பொருள்படும் பெயருடைய நூலிலே, திறன்பேசி சிறுவர் கைகளிற் பரவிய காலத்தையும் அவர்தம் உளநலம் குன்றிய காலத்தையும் தொடர்புபடுத்தி, பதினாறு வயதுக்கு முன் சமூக ஊடகம் கூடாதென வாதிட்டார். அதே ஆண்டு ‘நேச்சர்’ ஏட்டிலே அந்நூலை மதிப்பிட்ட கண்டிஸ் ஒட்ஜர்ஸ், இரு நிகழ்வுகள் உடன்நிகழ்வதனால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது என்றும், முன்னரே உளத்துயருற்ற பிள்ளைகளே ஊடகத்தை மிகுதியாக நாடுகின்றனர் எனக் கொள்ளவும் இடமுண்டு என்றும் மறுத்தார். 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிவுறுத்தல், சமூக ஊடகம் சிறுவருக்குப் போதியளவு பாதுகாப்பானது என்று முடிவுசெய்ய இயலாது என எச்சரித்ததோடு, அதனால் விளையும் நன்மைகளையும் சுட்டிற்று.

இவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்பது என்பதிலும் பார்க்க, இருபக்கத்தாரும் ஆராய்ந்த இல்லம் எத்தகையது என்பதே நமக்கு முதன்மையான வினாவாகும். இரவிலே கைத்தொலைபேசியைப் பிள்ளையின் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள் என்பது அங்கு வழக்கமாகக் கூறப்படும் பரிகாரம். பிள்ளைக்குத் தனிப் படுக்கையறை உண்டு, அதற்கு வெளியே வேறோர் அறை உண்டு, அங்கே விழித்திருக்கும் பெற்றோர் உண்டு என்னும் மூன்று எடுகோள்கள் இப்பரிகாரத்துள் மறைந்துள்ளன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்றிலே மூன்று தலைமுறையினர் உறங்கும் வீட்டுக்கு இப்பரிகாரம் எவ்வாற்றானும் பொருந்தாது.

லயமென்பது வீடாகக் கட்டப்பட்டதன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழகத் தொழிலாளரை முதலிற் கோப்பிக்கும், கோப்பி அழிந்தபின் தேயிலைக்கும் பயன்படுத்திய பெருந்தோட்ட முறைமை, உழைப்பைத் தோட்டத்துள்ளேயே நிறுத்திவைப்பதற்காகக் கட்டிய வரிசைக் கொட்டில்களே லயங்கள். அங்கே சுவருக்கு அப்பால் நடப்பது இப்பாற் கேட்கும். இஸ்தோப்பில் அமர்ந்தால் அயலார் யாவரும் காண்பர். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்திலே தனி வீடுகள் கட்டப்பட்டுள்ளனவெனினும், லயங்கள் இன்னும் மறையவில்லை. இத்தகைய வீட்டிலே வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனிமை என்பது கிடைத்தற்கரிய பொருள். கட்டிளமைப் பருவத்திலே தன்னைப் பற்றிச் சிந்திப்பதற்கும், நண்பரோடு அந்தரங்கமாகப் பேசுவதற்கும், வீட்டார் அறியாது அழுவதற்குங்கூட ஓரிடம் தேவைப்படுகின்றது. அவ்விடத்தை லயம் வழங்கவில்லை, கைத்தொலைபேசி வழங்குகின்றது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள முதலாவது அறையாக அப்பிள்ளைக்கு வாய்ப்பது அக்கருவியே. அதனைப் பறிப்பது ஒரு விளையாட்டுப் பொருளைப் பறிப்பது போன்றதன்று, இருந்த ஒரே அறையையும் பூட்டிவிடுவது போன்றது. டானா பொய்ட் என்பார் அமெரிக்க இளைஞரை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட நூலிலே, பொதுவிடங்களிற் கூடுவதற்கு வழியற்றுப்போன இளைஞர் அக்கூட்டத்தை இணையத்திலே தேடுகின்றனர் என்று காட்டினார். நமது சூழலில், பொதுவிடத்தோடு அந்தரங்கவிடமும் அவ்வாறே தேடப்படுகின்றது எனலாம்.

பிள்ளையின் வளர்ச்சியைச் சூழல்களின் அடுக்காக விளக்கிய யூரி புரொன்பென்பிரெனர், 1979 இல் வெளிவந்த தமது நூலிலே, பிள்ளை தான் பங்குகொள்ளாத களங்களும் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்றார். பெற்றோரின் வேலைத்தலம் இதற்கு அவர் தரும் உதாரணம். அம்மலைச்சரிவிலே இதற்கு விளக்கமே வேண்டியதில்லை. நாட்சம்பளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கொழுந்தின் நிறை, தாய் வீடு திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கின்றது. அந்நேரம் பிள்ளை எவரோடு, எதனோடு மாலையைக் கழிக்கின்றது என்பதைத் தீர்மானிக்கின்றது. சம்பளம் போதாமையால் தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் வீடுகளில் நிலைமை மேலும் சிக்கலாகின்றது. 2013 இல் அரசு கொணர்ந்த குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் நடைமுறை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. தந்தைக்கு அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. பொருளாதாரம் நிலைகுலைந்து அந்நியச் செலாவணி தேவைப்பட்ட 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளை வளர்ச்சி பற்றிய அரசின் அக்கறை எதனால் அளக்கப்படுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவ்வீடுகளிலே பிள்ளை தாயின் முகத்தைக் காண்பது வட்ஸ்அப் காணொளி அழைப்பில்தான். சமூக ஊடகம் இல்லத்தைச் சிதைக்கின்றது என்று பொதுப்படக் கூறுவோர், ஏலவே சிதைக்கப்பட்ட இல்லத்தை அது ஒட்டியும் வைத்துள்ளது என்பதையும் கூறுதல் வேண்டும்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அக்கருவியே பாடசாலையாகவும் மாறிற்று. கற்றலுக்கெனக் கைத்தொலைபேசியை வாங்கிக்கொடுக்குமாறு பெற்றோரைத் தூண்டியது கல்வி முறைமையே. நாட்டின் பல பின்தங்கிய பகுதிகளிலே பிள்ளைகள் சமிக்ஞை தேடி மரங்களிலும் பாறைகளிலும் ஏறிய காட்சிகள் உலகச் செய்திகளாயின. கணினி அறிவிலும் இணைய வசதியிலும் தோட்டத்துறை நகரத் துறைக்கும் கிராமத் துறைக்கும் பின்னே நிற்பதை அரச புள்ளிவிபரங்களே காட்டிவருகின்றன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி உள்ள வீட்டிலே, பரீட்சைக்குத் தோற்றும் மூத்த மகனுக்கே அது கொடுக்கப்பட்டு, இளையவளுக்கு மறுக்கப்பட்டமையை நாம் அறிவோம். பாடசாலை மீளத் திறந்த பின்னர் கருவி வீட்டிலேயே தங்கிவிட்டது. அன்று வாங்குமாறு சொன்னவர்களே இன்று ஏன் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று தாய்மாரை வினவுகின்றனர்.

பால் வேறுபாடு இங்கு தனித்து நோக்கற்பாலது. பையன் கையிற் போன் இருந்தால் அது பொழுதுபோக்கு எனக் கொள்ளப்படுகின்றது. பெண்பிள்ளை கையிலிருந்தால் ஐயப்பாடு தோன்றுகின்றது. ஐயத்துக்கு அஞ்சும் பெண் மறைத்தே பயன்படுத்துகின்றாள். மறைத்துப் பயன்படுத்துபவளே மிரட்டலுக்கும் எளிதில் ஆளாகின்றாள். ஏனெனில், படமொன்றை வைத்து ஒருவன் அச்சுறுத்தும்போது அதை வீட்டிற் சொல்லுதல், தான் போன் வைத்திருந்ததையும் சொல்லுதலாகும். அச்சுறுத்தியவனின் வலிமையிற் பெரும்பங்கு அவ்வீட்டு அச்சத்திலிருந்தே பெறப்படுகின்றது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கம் இந்நாட்டிலே உண்டு. வீட்டிலே பேச அஞ்சுபவள் அவ்விலக்கத்தை அழைக்கும் துணிவினை எங்கிருந்து பெறுவாள் என்பதே வினா. கண்காணிப்பு மிகுந்த இல்லம் பாதுகாப்பு மிகுந்த இல்லமன்று என்னும் முடிவுக்கே நாம் வரவேண்டியுள்ளது.

இனி, ஊடகத்தின் இரு முகங்களையும் வரலாற்று நிகழ்ச்சிகளைக்கொண்டு நோக்குவோம். 2018 மார்ச்சில் அயல் மாவட்டமாகிய கண்டியிலே, திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் மூண்டது. முகநூலிற் பரவிய வெறுப்பு அத்தீக்கு நெய்யாயிற்று. அரசு ஒரு வாரமளவு சமூக ஊடகங்களை முடக்கியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தனது பங்குக்காக வருத்தந் தெரிவித்தது. அதே 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, கொழும்பிற் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலைசெய்த மலையக இளைஞர், தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கோரிக் கறுப்புடையணிந்து காலிமுகத்திடலிற் கூடினர். அவர்களைக் கூட்டியதும் முகநூலே. அவர்கள் கோரியது தமக்கான சம்பளத்தையன்று, மலையில் விட்டுவந்த பெற்றோருக்கான சம்பளத்தையாகும். சமூக ஊடகம் பிள்ளையை இல்லத்திலிருந்து பிரிக்கின்றது என்னும் சூத்திரம் அன்று அத்திடலிலே பொய்யாயிற்று. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தின் படங்களைத் தோட்டத்து இளைஞர் தம் கைகளிலே கண்டபோது, பாடநூலிற் காணாத தம் வரலாற்றை அவர்கள் கண்டனர்.

ஆயின், இவ்வுதாரணங்களைக் காட்டி ஊடகம் நடுநிலையானது, பயன்படுத்துபவரே பொறுப்பு என்று வாதிடுதல் பெருந் தவறாகும். கத்தியைப் போன்றதே ஊடகம் என்பது நம்மிடையே வழங்கும் ஓர் உவமை. கத்தி தன்னைக் கையிலெடுக்குமாறு நம்மை ஐந்து நிமிடத்துக்கொருமுறை அழைப்பதில்லை. முடிவற்று நகரும் பக்கங்களும், அறிவித்தல் ஒலியும், 2009 இல் முகநூலிற் புகுந்த விருப்பக் குறியும் பார்ப்பவரின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்பதற்கென வகுக்கப்பட்டவை. தனது படச் சேவையான இன்ஸ்டகிராம் பதின்பருவப் பெண்களிற் சிலரின் உடல் பற்றிய மனத்தாழ்வை மேலும் மோசமாக்குகின்றது என்று அந்நிறுவனத்தின் உள்ளக ஆய்வுகளே கண்டிருந்தமை, 2021 இல் பிரான்சிஸ் ஹோகன் வெளிப்படுத்திய ஆவணங்களாற் புலனாயிற்று. தாய் தோட்டத்துக்கு நிறைக்கணக்கிற் கொழுந்து கொடுக்கின்றாள். பிள்ளை நிறுவனத்துக்கு மணிக்கணக்கிற் கவனத்தைக் கொடுக்கின்றது. தாயின் உழைப்புக்குப் போதாத சம்பளமாவது உண்டு. பிள்ளையோ தனது உழைப்புக்கு ‘டேட்டா’ வாங்கித் தானே கட்டணமும் செலுத்துகின்றது. இவ்விரு சுரண்டல்களும் ஒரே காம்பராவிலே சந்திக்கின்றன என்பதே நமது வாதத்தின் மையமாகும்.

சட்டத்தால் இதற்குத் தீர்வு காணவியலுமா? அவுஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024 இல் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. தடையைச் செயற்படுத்தும் பொறுப்பு அங்கே பெற்றோர்மீது அன்றி நிறுவனங்கள்மீது சுமத்தப்பட்டமை வரவேற்கத்தக்க அம்சம். இலங்கையிலே 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சிறுவர் பாதுகாப்பையும் காரணங்காட்டியே நிறைவேற்றப்பட்டது. ஆனால், எது பொய்யான கூற்று எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைத்த அச்சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்கு அச்சுறுத்தலானது என உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டிக்கப்பட்டது. மக்கள் எழுச்சி வலுத்த 2022 ஏப்ரலிலே சமூக ஊடகங்களை ஒரேயடியாக முடக்கிய அரசியற் பண்பாட்டிலே, காப்பு என்னும் சொல் எவரைக் காப்பது என்று வினவுதல் ஆய்வாளர் கடமையாகும்.

நமது நிலைப்பாட்டிற்கு எதிராக ஒரு வினாவை நாமே எழுப்புதல் தகும். எல்லாவற்றையும் பொருளாதாரத்தில் ஏற்றிவிட்டால் பெற்றோருக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லையா? உண்டு. ஒரே லயத்தில், ஒரே சம்பளத்தில் வாழும் இரு வீடுகளிலே பிள்ளைகள் வேறு வேறாக வளர்கின்றனர். ஒரு வீட்டில் மது அச்சத்தை விளைவிக்கின்றது. மற்றொன்றிலே பாட்டி சொல்லும் கதையும், தந்தை உரக்க வாசிக்கும் பத்திரிகையும் நம்பிக்கையை விளைவிக்கின்றன. அடித்தளம் யாவற்றையும் இயந்திரம்போலத் தீர்மானிக்கும் என்னும் வறட்டுச் சூத்திரத்தை நாம் ஏற்பதில்லை. ஆனால், அன்புடைய தாயொருத்தி தன் அன்பைச் செலுத்துவதற்கும் நேரமும் இடமும் வேண்டும். அவ்விரண்டையும் மறுத்துவிட்டு அன்பின்மைக்காக அவளைக் கண்டித்தல் விமர்சனமன்று, வர்க்க அகந்தை.

எனவே, இளைஞர் வளர்ச்சி பற்றிய உரையாடல் வீட்டுரிமையிலிருந்தும் வேலைநேரத்திலிருந்தும் தொடங்கப்படுதல் வேண்டும். தனி வீடு, மாலையிலே திறந்திருக்கும் நூலகம், பெண்பிள்ளைகளும் அச்சமின்றிக் கூடத்தக்க விளையாட்டிடம், பாடசாலை தோறும் இரகசியங் காக்கும் ஆலோசகர் என்பன கிடைக்கப்பெறுமாயின், கைத்தொலைபேசி பிள்ளையின் ஒரே அறையாக இருக்கும் நிலை தானே மாறும். ஊடகம் எவ்வாறு இலாபமீட்டுகின்றது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கல்வி, அறிவுரை மேடைகளினும் பயனுள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையும் இங்கு தெளிவாகின்றது. டிக்டொக்கிலே தோட்டத்துப் பிள்ளை தன் லயத்தையும் தன் பேச்சு வழக்கையும் படம்பிடித்து வெளியிடுவதை இகழ்ச்சியோடு கடந்துசெல்லாது, அதை ஒரு மக்கட் பிரிவின் புதிய வெளிப்பாட்டு வடிவமாகக்கொண்டு ஆராய்தல் வேண்டும். ஒருகாலத்திலே தோட்டத்துக் கதைகளையும் பாடல்களையும் இலக்கியமல்ல என்று தள்ளியவர்களுக்கு எதிராக வாதாடிய மரபு நமது மரபு. அதனை நாமே மறத்தல் தகாது.

ரிவர்ஸ்டன் உச்சிக் கோபுரம் சரிவிலே உள்ள லயத்தையும் அதற்கு அப்பாலுள்ள நகரத்தையும் வேறுபாடு பார்ப்பதில்லை. அலைகளின் இச்சமத்துவத்தைக் கண்டு, பெறுவோரிடையேயும் சமத்துவம் நிலவுவதாக எண்ணுதலே இன்றைய ஆய்வுகளின் மயக்கம். அன்று கூட்டத்திலே எழுந்து பேசிய தாய் கேட்டது அறிவுரையன்று. பிள்ளையோடு இருப்பதற்கு, நாளின் வெளிச்சத்திலே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எவர் எடுத்துக்கொண்டனர் என்று கண்டறிவதிலிருந்தே நமது ஆய்வு தொடங்கவேண்டும்.